ரெண்டு கம்ப்யூட்டர், ஒரே கம்பளி

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன்" என்றாள் பிரீத்தி.

ஷண்முகப்ரியா கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். பல் கிடுகிடுத்தது குன்னூர்க் குளிருக்கா, பயத்துக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிளஸ் டூ முடித்த கையோடு மாமாவின் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒத்தாசைக்குப் போனவள். "நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புங்க மாமா" என்று முதல் நாளே மார்தட்டிவிட்டாள். நாளைக்கு ஒரு காதுகுத்துப் படம் எடுக்க மாமா இன்று காலையே பந்தலூர் கிளம்ப, இவள் கடையின் உள்ளறைக் கம்ப்யூட்டரையும் முன்னறைக் கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளால் இணைத்தாள். உள்ளே இருந்த, மாமா எடுத்த பக்கத்து வீட்டு ரேச்சல் அக்காவின் கல்யாணப் பட ஃபோல்டரை 'ஷேர்' செய்தாள். முன்னறைத் திரையில் மணப்பெண் சிரித்தாள். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டாததுதான் குறை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் மேதை. முன்னறை மெஷின் பழசாயிற்றே, இத்தனை படம் இங்கேயும் எதற்கு என்று அத்தனையையும் அழித்தாள். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. இவளும் மரியாதையாக 'ஆம்' சொன்னாள். உள்ளே போய்ப் பார்த்தால், ஃபோல்டர் கழுவிக் கவிழ்த்த தட்டு.

"ஷேர் பண்ணுனா ரெண்டு ஆயிரும்னு நெனச்சேன்க்கா."

பிரீத்தி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! இந்தக் கம்பளியுந்தான் ஷேர் பண்றோம். ரெண்டாவா ஆச்சு?" என்று வெடுக்கென்று இழுத்தாள். ஷண்முகப்ரியாவின் கால் வெளியே வந்து விறைத்தது. பாடம் புரிந்தது, பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக.

"ரீசைக்கிள் பின்னுல பாத்தியா?"

"ரெண்டு மெஷின்லயும் பாத்தேன். மாமா அழிச்ச அவரு செல்பி பதினாலு கெடக்குது. கல்யாணத்தக் காணோம்."

"கேமரா கார்டுல இருக்கும்ல?"

"அதத்தான் எடுத்துட்டுப் போயிருக்காரு. இங்க படம் பத்திரமா இருக்குதுன்னு நெனச்சு, காத்தால கார்ட அழிச்சுட்டுத்தான் எடுப்பாரு."

"அப்ப இப்பவே கூப்புடு!"

"திட்டுவாருக்கா."

"கூப்புடலீன்னா ரேச்சலக்கா திட்டும். நீ அழிச்சுட்டேன்னு அது இன்னொருக்கா கல்யாணமா பண்ணிக்கும்?"

மணி பதினொன்றே முக்கால். மாமா எடுத்தார்.

"ஏன் அம்முணி, இந்நேரத்துல? ஊட்டுல எல்லாரும் நல்லாருக்காங்கல்ல?"

"எல்லாரும் நல்லாருக்காங்க மாமா. நான்தானுங்க சரியில்ல. அந்தக் கார்ட அழிச்சுப்போடாதீங்க. இங்க இருந்த ரேச்சலக்கா படத்தப் பூரா நான் அழிச்சுப்போட்டனுங்க."

மறுமுனையில் மழைக்கு நடுவே கேமராவின் கார்டு மூடி திறக்கும் சத்தம்.

"அழிச்சுட்டுப் படுக்கலாம்னு இப்பத்தான் கேமராவக் கையில எடுத்தேன்" என்றார் மாமா. "கார்டக் கழட்டி என்ற சட்டை ஜோப்புல போட்டுக்கிட்டேன். காத்தால இங்க யாருகிட்டயாவது வேற வாங்கிக்கறேன். ஆமா, நீ என்ன குரூப்புன்னு சொன்னே?"



"பயாலஜிங்க மாமா."