சிவப்புக் கம்பி

"அவங்கவங்க செட்ட அவங்கவங்களே ரிப்பேர் பண்றதுக்கு எக்ஸாம் எதுக்கு? பக்கத்து டேபிளுக்கு மாத்துங்க" என்றார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வேதாசலம்.

ஏகநாதன் கொண்டுவந்த வானொலிப் பெட்டி, அவன் கண்ணெதிரே சிட்டிபாபுவின் மேசைக்குப் போயிற்று.

"இன்னா மச்சான், ரேடியோவா, கருவாட்டுக் கூடையா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான் சிட்டிபாபு.

செய்முறைத் தேர்வுக்குப் பழுதான பெட்டி ஒன்றை மாணவனே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது அந்தத் தாம்பரம் கல்லூரியின் ஏற்பாடு. பயன்பாட்டு அறிவியல் என்று பெயர்ப்பலகை எழுதத் தெரிந்தவர்களுக்கு, பயன்படுத்திப் பார்க்க நான்கு கருவிகள் வாங்கத் தோன்றவில்லை! கானாத்தூர்க் குப்பத்தில் பழுதான பெட்டிக்கு ஏகநாதன் எங்கே போவான்? வீட்டில் இருந்ததோ நன்றாகப் பாடும் பெட்டி. ஆகவே, அதையே பழுதாக்கினான். உள்பலகையின் அடியில் சிவப்புக் கம்பி ஒன்றின் ஈயப் பற்றை இளக்கிவிட்டு, ஒட்டியிருப்பதைப் போலவே படுக்கவைத்தான். வைத்த பழுதை எடுக்க எவ்வளவு நேரமாகும்?

காலையில் அவன் பெட்டியைத் துண்டில் சுற்றியபோது, வலையை உதறிக்கொண்டிருந்த அப்பா பூவராகன் நிமிர்ந்து பார்த்தார்.

"ரேடியாவ எங்கடா எத்துகினு போற?"

"காலேஜுக்குப்பா. க்ளீன் பண்ணிக் குடுப்பாங்க."

"பொயுது சாயறதுக்குள்ள வந்துரு. வானம் ஒரு மாதிரியா கீது. புயல் சேதி கேட்டுட்டுத்தான் எறங்கணும். நீ வரலன்னு குந்திகினு இருக்க மாட்டேன், ஆமா."

ஐப்பசி வானம் இப்போது சன்னலுக்கு வெளியே ஈயம்போல் கனத்திருந்தது. ஏகநாதன் முன்னால் சிட்டிபாபுவின் பெட்டி திறந்தபடி கிடந்தது. அவன் கை அதில் பதியவில்லை. சிட்டிபாபுவோ சிவப்புக் கம்பியை இரண்டு முறை பார்த்தும் பாராமற் கடந்து, குறட்டின் நுனியைக் கம்பிச்சுருளின் பக்கம் கொண்டுபோனான். தலைமயிரைவிட மெல்லிய சுருள். அறுந்தால் அறுந்ததுதான், அந்தப் பழைய பெட்டிக்கு மாற்றுச் சுருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. பேசினால் தேர்வு போயிற்று. பேசாவிட்டால் பெட்டி போயிற்று. குறடு இன்னும் இறங்கியது.

"டேய், காயில் மேல கை வெக்காத! அடியில பாரு, செவப்பு ஒயரு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. வேதாசலம் நிதானமாக நடந்துவந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வெச்ச பழுது சார், அது. நல்ல செட்டு சார். எங்கப்பா கடலுக்குப் போறவரு, சார்..."

"நல்ல செட்டக் கெடுத்து எடுத்துட்டு வந்தியா? மூணு வருஷம் இதத்தான் படிச்சியா?"

விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு வாயிலைக் காட்டினார். பெட்டியை எடுக்க நீண்ட ஏகநாதனின் கையைத் தட்டிவிட்டார். "எக்ஸாம் முடியட்டும்."

தாழ்வாரத்தில் சாரல் தெறித்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் உள்ளே பார்த்தான். சிட்டிபாபு சிவப்புக் கம்பியில் ஈயத்தை ஒற்றினான். புகை ஒரு நூலாக எழுந்தது. பெட்டி கரகரத்தது, பிறகு தெளிந்தது.

"...தென்மேற்கு வங்கக் கடலில் உருவாகியுள்ள..."

ஏகநாதன் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கம்பியோடு ஒட்டவைத்தான்.

உள்ளே, சிட்டிபாபு பல்லெல்லாம் தெரியத் தேர்வாளரை நிமிர்ந்து பார்த்தான். "எல்லா ஸ்டேஷனும் எடுக்குது சார், பாருங்க" என்று குமிழைத் திருப்பினான்.