மிஞ்சிய கரு

முப்பத்திரண்டு வயதில் சுபாங்கி தன் தம்பி கீதனுக்காகக் கருமுட்டை கொடுத்தாள். கீதனும் அவன் கணவன் றொய்சனும் பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்கள். றொய்சனின் விந்தும் கீதனுடைய அக்காவின் முட்டையும் சேர்ந்தால், பிள்ளையில் இரண்டு பேரின் இரத்தமும் ஓடும் என்று நினைத்தார்கள். ஒஷாவாவில் ஒரு பெண் வாடகைத்தாயாகச் சுமந்து பெற்றுக் கொடுத்தாள். துவாரகா பிறந்தாள். பிள்ளையில் தனக்கு எந்த உரிமையும் இல்லையென்று சுபாங்கி முன்னமே கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்போது அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

துவாரகா பிறந்து ஏழு வருடத்தில் சுபாங்கியுடைய கலியாணம் முறிந்தது. வெக்ஸ்போர்ட்டில் தனியே ஒரு அப்பாட்மென்ட் எடுத்தாள். தனக்கும் ஒரு பிள்ளை வேண்டுமென்று போனபோது, முட்டைகள் அநேகமாக முடிந்துவிட்டன என்றார் டொக்டர். தம்பிக்குக் கொடுத்ததால் அல்ல, சிலருக்கு இப்படித்தான் என்றும் சொன்னார்.

துவாரகாவுக்காக உண்டாக்கிய கருக்களில் மிஞ்சிய ஒன்று இன்னும் கிளினிக்கில் உறைநிலையில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்பியிலிருந்த தம்பி வீட்டுக்குப் போய் அதைத் தரச்சொல்லிக் கேட்டாள். கீதன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். றொய்சன்தான் பேசினான்.

"அக்கா, உங்களுக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. ஆனா அது என்ர பிள்ளை. இன்னொரு வீட்டில வளரேக்க, நான் ஆரெண்டு அதுக்கு என்ன சொல்லுறது?"

"துவாரகா வளரேக்க நான் ஆரெண்டு உங்களை நான் கேக்கேல்லையே, றொய்சன்."

அவள் சாப்பிடாமலே வெளிக்கிட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு கீதன் போன் எடுத்தான். கருவை இனி வைத்திருக்க வேண்டாம், அழித்துவிடலாமென்று இருவரும் கையெழுத்து வைத்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு அழுதான். பரவாயில்லை என்றாள் சுபாங்கி. அவர்கள் செய்தது பிழையென்று அவளால் நினைக்க முடியவில்லை. பிழையென்றால் யாரிடமாவது சொல்லி அழுதிருக்கலாம்.

இரண்டு மாதம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, இருவருக்கும் வேலையென்று, துவாரகாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகக் கேட்டார்கள். போனாள். குளத்தோரம் போட்டிருந்த வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பெண், தண்ணீருக்குள் நின்ற துவாரகாவைக் காட்டி, "உங்கட மகளோ? அப்பிடியே உங்கட முகம்" என்றாள்.

"ஓம்" என்றாள் சுபாங்கி.

வகுப்பு முடிந்து துவாரகா நடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "மாமி, டவல்!"

'மாமி' என்றதைக் கேட்டு அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டாள். சுபாங்கி குனிந்து பிள்ளையின் தலையைத் துவட்டினாள். தேவைக்கு மேலே நெடுநேரம் துவட்டினாள்.