நாலே காலுக்கு வரும் தண்ணீர்

நாலே காலுக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஐந்தே காலுக்கு நின்றுவிடும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் கல்யாணமாகிப் பம்பாய்த் தாராவிக்கு வந்த முருகம்மாள், இரண்டு வருஷமாக அந்த வரிசையில் தூங்கிக்கொண்டே நின்றாள். உடம்பு நாலு மணிக்கு எழும், புத்தி எழாது. ராத்திரி ஒன்பதுக்குப் புருஷன் செல்லப்பாண்டி குறட்டை விடத் தொடங்கும்போதுதான் அவளுக்குக் கண் தெளியும், கை ஓடும். ஆனாலும் நாலு மணியை நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் புரண்டுகொண்டே கிடப்பாள்.

ஜெயினுலாப்தீனின் சட்டை தைக்கும் கார்கானாவுக்கு வீட்டிலிருந்தே பொத்தான் காஜா எடுத்துக் கொடுத்துவந்தாள். குடத்தை இறக்கிய கையோடு, அரைத் தூக்கத்தில் ஊசி பிடிப்பாள். பொத்தான் துளைகள் கோணிக்கொண்டு போகும். இரண்டு தடவை சட்டைகள் திரும்பி வந்தன. இன்னொரு தடவை வந்தால் துணி கிடையாது என்று ஜெயினுலாப்தீன் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே முடிவெடுத்தாள். இனி நாலு மணிக்கு எழுவதில்லை.

அடுத்த வீட்டு மதீனா பீவிக்கும் காஜா வேலைதான். தொழுகைக்கு மூன்றரைக்கே தானாக விழிப்பாள். பொழுது சாய்ந்தால் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. அவளிடம் போய், என் குடம் இரண்டையும் நீங்கள் பிடியுங்கள், உங்கள் பாக்கிச் சட்டைகளை ராத்திரி நான் முடிக்கிறேன் என்றாள்.

“ஒனக்கு வெக்கமா இல்லையா புள்ள?” என்று மதீனா பீவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

வரிசையை நடத்துகிறவள் எதிர் வீட்டுக் கோமதியம்மாள். ஆள் நிற்காத குடத்துக்குத் தண்ணீர் இல்லை என்பது அவள் வைத்த சட்டம். மறுநாள் முருகம்மாளின் குடங்கள் காலியாகத் திரும்பின. மகாராணி மஞ்சத்தை விட்டு இறங்கி வரட்டும் என்று கோமதியம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். மதீனா பீவி கொடுத்த அரைக் குடத்தில் செல்லப்பாண்டி முகம் கழுவினான். நாளைக்குப் போய் நில் என்றான். வேண்டுமானால் நீங்கள் நில்லுங்கள் என்றாள். அது பொம்பளை வரிசை என்று முணுமுணுத்துவிட்டு வேலைக்குப் போனான்.

இரண்டாம் நாளும் குடம் காலி. அன்று ஜெயினுலாப்தீன் ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்தில் பார்த்தார். இன்னும் இரண்டு கட்டுத் துணியை அவள் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் முருகம்மாள் கோமதியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். ராத்திரி விழித்திருந்த இரண்டு நாளில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். கோமதியம்மாளின் புருஷன் ஆறுமுகநயினாருக்குக் குர்லா மில்லில் மூன்றாவது ஷிப்ட். பதினோரு மணிக்கு அவரை எழுப்பியாக வேண்டும். வீட்டில் கடிகாரம் இல்லை. அதனால் கோமதியம்மாள் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சந்தில் போகிறவர்களிடமெல்லாம் மணி கேட்பாள்.

“என்னட்டி, கொடத்துக்குச் சிபாரிசா?”

“கொடம் கெடக்கட்டும் மயினி. எங்க வீட்டுல டைம்பீஸ் இருக்கு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருப்பேன். பதினோரு மணிக்கு அண்ணாச்சிய எழுப்ப நான் வந்து கதவத் தட்டுதேன். நீங்க நேரத்தோட படுங்க.”

“சட்டம்னா சட்டந்தான். எல்லாரும் தூக்கத்த விட்டுட்டுத்தான நிக்கோம்.”

கோமதியம்மாளின் கண் சிவந்திருந்தது. முருகம்மாள் வாசலை விட்டு நகரவில்லை.

“மயினி, நீங்க ஒழுங்காத் தூங்கி எத்தன வருசமாச்சு?”