மூச்சை விட்டு, அப்படியே நிறுத்துங்கள்

போன வாரம் ஸ்கேன் குழாய்க்குள்ளிருந்து அவள் பாதியிலேயே எழுந்து ஓடி வந்தபோது, எல்லோரும் மூடிய இடத்துப் பயம் என்றே நினைத்தார்கள். வீட்டுக்காரர் திரும்பும் வழியெல்லாம், "லிஃப்ட்ல வராத பயம் இங்க மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்று குடைந்துகொண்டே வந்தார். உண்மையைச் சொன்னால் மனுஷன் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்.

அந்தக் குழாய்க்குள் அவளை அதட்டியது அவளுடைய குரல்தான்.

டப்பிங் அவளுடைய தொழில். கதாநாயகிகளுக்காக அழுதிருக்கிறாள், பேய்களுக்காகச் சிரித்திருக்கிறாள். நடுவே வந்துபோன சில்லறை வேலைகளில் ஒன்று, ஒரு ஸ்கேன் இயந்திரத்துக்கான நான்கு வரிகள். மூச்சை இழுங்கள். மூச்சை விடுங்கள். அப்படியே நிறுத்துங்கள். இப்போது சுவாசிக்கலாம். "கொஞ்சம் கண்டிப்பா வேணும் மேடம், டீச்சர் மாதிரி" என்றார் ஒலிப்பதிவுக்காரர். கொடுத்தாள். சொல்லியனுப்பிய டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அன்று அவள் ஒரு தடவைகூட மூச்சை நிறுத்திப் பார்க்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து அந்த இளம் குரல் ஹெட்போனில் வந்து நிறுத்தச் சொன்னது. சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டது. நெஞ்சு திணறியது, கண் இருட்டியது, அந்தப் பெண்ணோ வருகிற வழியாக இல்லை. வேறு யாராக இருந்தாலும் மனசுக்குள் கெஞ்சலாம், திட்டலாம். தன்னிடமே எப்படிக் கெஞ்சுவது? அவசரமென்றால் அழுத்தச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டாள்.

இதய டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "உங்க இதயத்துல ஒரு பக்கச் சுவருக்கு ரத்தம் சரியா போகலையோன்னு சந்தேகம். போகலைன்னாலும் பரவாயில்ல, அங்க சதை உயிரோட இருந்தா அடைப்பை எடுத்துச் சரி பண்ணலாம். சதையே செத்துப்போயிருந்தா எடுத்தும் பிரயோஜனம் இல்ல. ரெண்டுல எதுன்னு படத்தைப் பாத்தாதான் தெரியும். நீங்க எழுந்து வந்துட்டா நான் கண்ணைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்கணும்."

ஆகவே இன்று மறுபடியும் வந்து படுத்தாள்.

"தம்பி, அந்தப் பொம்பளை குரலை நிறுத்த முடியுமா?"

கையில் ஏற்றியிருந்த ஊசிக்குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஸ்கேன்காரன் நிமிர்ந்தான். "ஏம்மா, நல்லாத்தானே பேசுது?"

"அது நான்தான்."

அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படியே நிறுத்துங்கள்" என்றாள். அவன் நிஜமாகவே மூச்சை நிறுத்திவிட்டான்.

"ஐயோ அம்மா! என் சம்சாரம் குரலைவிட உங்க குரலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கேன். தெரிஞ்சா அவ கோச்சுக்குவா." பிறகு தலையைச் சொறிந்தான். "சரி, இன்னிக்கு நானே சொல்றேன். ஆனா உங்க அளவுக்கு வராது."

மார்பின் மேல் கனமான தகட்டை வைத்துக் கட்டினான். மேஜை உள்ளே நகர்ந்தது. மூக்குக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை. அவள் விட்ட மூச்சு கூரையில் பட்டு அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. முழங்கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் இடித்தது. பிறகு அந்தச் சத்தம், தகரக் கூரையில் யாரோ ஆணி அடிப்பதுபோல, நிறுத்தாமல். உள்ளங்கால் அரித்தது. அரிக்கட்டும் என்று கிடந்தாள்.

அவனுக்குப் பேசவே வரவில்லை. "இழுங்க... இருங்க இருங்க, இன்னும் இல்ல... ம், விடுங்க, விட்டுட்டு நிறுத்துங்க" என்று தடுமாறினான். ஸ்டுடியோவாக இருந்தால் முதல் வரியிலேயே துரத்தியிருப்பார்கள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தான். அவள் படத்துக்குப் படம் தாக்குப்பிடித்தாள்.

"இப்பதான்மா முக்கியமானது. மருந்து ஏத்தப் போறேன். அது ரத்தத்தோட இதயத்துக்குள்ள ஓடறதை ஒரே தடவைதான் பிடிக்க முடியும். விடுங்க... நிறுத்துங்க!"

கை வழியாகக் குளிர்ச்சி ஏறியது. ஆணிச் சத்தம் வேகமெடுத்தது. அவள் காத்திருந்தாள். ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு அணையும்வரை இருமாமல் நின்று பழகிய உடம்பு அது. விலா எலும்புகள் துடிக்கத் தொடங்கின. குரல் வரவில்லை. காதுக்குள் தன் ரத்தமே இரைவது கேட்டது. கை ரப்பர் பந்தைத் தேடியது. கண்டுபிடித்து, அழுத்தாமல் பிடித்துக்கொண்டது.

"ஐயோ! விடுங்க, விடுங்கம்மா! பாத்துட்டே இருந்ததுல சொல்ல மறந்துட்டேன். நீங்களா விட வேண்டியதுதானே?"

"நீ... சொல்லலையேப்பா," என்று இரைத்தாள்.

"படம் அப்படியே முழுசா வந்திருக்கு."

"அந்தச் சுவருக்கு ரத்தம் போச்சா?"

"அதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும்மா."

சொற்கள் எல்லோரும் சொல்பவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் அவன் சின்னதாக ஒரு மூச்சு எடுத்தான். பொய்யோ துக்கமோ வருகிற வசனத்துக்கு முன்னால் எடுக்கும் மூச்சு. அவள் காசு வாங்கிக்கொண்டு எத்தனையோ தடவை எடுத்திருக்கிறாள். ரத்தம் போகவில்லை.

இனி இருப்பது இன்னொரு கேள்விதான். சதை உயிரோடிருக்கிறதா, இல்லையா?

"மருந்து ஊறணும். அப்புறம்தான் அடுத்த படம். அதுவரைக்கும் இம்மிகூட அசையக்கூடாது," என்றான். "பயமா இருந்தா வெளிய எடுத்துடறேன். ஆனா எடுத்தா..."

"தெரியுது. எடுக்காத."

கண்ணீர் வழிந்து ஹெட்போனுக்குள் இறங்கியது. அழுதால் நெஞ்சு குலுங்கும் என்று அதையும் பாதியில் நிறுத்தினாள்.

"பாட்டுப் போடட்டுமாம்மா?"

"வேணாம். நீ ஏதாவது பேசிட்டிரு."

"என்ன பேசறது?"

"எதுவானாலும்."

அவன் தன் வண்டியின் செயின் தினமும் கழன்று விழுவதைப் பற்றியும், மெக்கானிக் அதற்குச் சொல்லும் சாக்குகளைப் பற்றியும் திக்கித் திக்கி ஆரம்பித்தான். அவள் கூரையைப் பார்த்தபடி, சிரிப்பு வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.