எட்டாவது புள்ளி

செயற்கைக்கோள் தலைக்கு மேல் முதல்முறை கடந்து பன்னிரண்டு மணி நேரத்தில், அது எடுத்த படத்தில் மின்னிய ஏழாவது புள்ளி, கூட வந்து நின்ற கணக்குப் பார்க்கும் பெண்தான் என்று உறுதியாயிற்று. வறண்ட ஏரியில் செயற்கைக்கோள் அலுவலகத்தார் நட்டது ஆறு கிண்ணங்கள்தான். மூன்று உலோகத் தகடுகளைப் பெட்டியின் உள்மூலைபோலச் சேர்த்தால் கிண்ணம். ராடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதன் பிரகாசம் முன்பே தெரியுமாதலால், மேலே பறக்கும் கருவி சரியாகப் பார்க்கிறதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். இரண்டாம் முறை அவள் நூறு அடி தள்ளி நின்றாள்; புள்ளியும் தள்ளி நின்றது. கிண்ணங்களைக் கருவி வரும் பக்கம் திருப்பி வைக்க வேண்டியிருந்தது, அவளைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் ஏழாம் நம்பர். "உன்னைத் துடைக்க வேணாம், எறும்பு கூடு கட்டாது. நீதாம்மா நல்ல கிண்ணம்" என்றார் கிண்ணங்களைப் பராமரிப்பவர். இரண்டு வருஷம் அவள் பிரகாசம் இம்மியும் மாறவில்லை. கூட்டங்களில் வாய் திறக்காதவள், எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தாள். கருவி கடக்கும் நேரம் நெருங்கினாலே எல்லோருக்கும் முன்னால் ஏரியில் போய் நின்றுவிடுவாள்.

பிறகு வெள்ளத்தை அளக்கப் புதுக் கருவி விண்ணுக்குப் போனது. முதல் படம் திரையில் விரிந்ததும் அறையே கைதட்டியது. ஏரியின் வெடிப்புகள்கூடத் தெரிந்தன. கைதட்டல் பாதியில் நின்றது. ஏழாவதை ஒட்டிப் பொடியாக எட்டாவது புள்ளி.

"எவன்யா டிபன் டப்பாவை அங்க மறந்துட்டு வந்தது?" என்றார் தலைவர்.

"நாங்க கொண்டுபோனது பொட்டலம் சார். அதையும் தின்னாச்சு" என்றார் கிண்ணக்காரர்.

மறுமுறையும் எட்டு. தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணை ரெண்டாக் காட்டுற கண்ணை நம்பி வெள்ளத்தை எப்படி அளக்கிறது? இது தேறாது, நிறுத்தச் சொல்லிடறேன்."

அந்த அறையில் அவளுக்கு மட்டும் எட்டாவது எது என்று தெரியும். அலுவலகத்தில் அவள் மூச்சு விடவில்லை, கணவனையும் யாரிடமும் சொல்ல விடவில்லை. சொன்னால் அந்த வெயிலில் நிற்க யார் அனுப்புவார்கள்? பழைய கருவிக்கு இந்தப் பொடிப் புள்ளி தெரிந்திருக்காது. இதற்குத் தெரிகிறது. இவ்வளவு கூரிய கண்ணைத் தன் ஒருத்திக்காகக் குருடென்று ஒதுக்குவதா?

தலைவர் தொலைபேசியை எடுத்தார். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், வைங்க! அது சரியாத்தான் பார்க்குது" என்றாள், பக்கத்து அறைக்கும் கேட்கும்படி. "எனக்கு மூணு மாசம்."