மெரன் ஓட்டிப்போன வேன்: திருத்திய பிரதி

1

மனிதன் என்பவன் அவனுடைய நினைவுகளின் மொத்தம். நினைவு உதிர உதிர அவனும் உதிர்கிறான்.

இந்த வாக்கியத்துக்கு எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. மெரன் ஃபூபிஸ்டர் படித்துவிட்டு, "அப்போ நான் இப்ப எத்தனை கிலோ மிச்சம் இருக்கேன்?" என்று கேட்டாள். வாக்கியத்தை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

கதை பிறந்த விதம் இது. உறவுக்குள் எம்.எஸ். என்கிற நரம்பு நோய் வந்தவர் ஒருவராவது இல்லாத குடும்பம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே எங்கள் ஆர்க்னித் தீவுகளில் அபூர்வம். அவர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு செய்திமடல், மடலுக்கு ஓர் ஆசிரியர், திருமதி ரெண்டால்.

"மனசைத் தொடுற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க எர்லண்ட்," என்றார் அவர். "ரொம்ப உண்மையா இருக்கணும்னு இல்லை."

நான் ஆடு வளர்க்கிறவன்; எழுதவும் வரும் என்று ஊரில் ஒரு வதந்தி. பக்கத்துப் பண்ணை மெரனைப் பற்றி எழுதினேன். அச்சானது. மெரனின் டாக்டர் படித்தார். நோய் இருப்பதால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அவளுடைய ஓட்டுநர் உரிமப் படிவம் இப்போது அவர் மேசையில் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. "மடலில் வந்த சம்பவம் குறித்து விளக்கம் தேவை" என்று மெரனுக்குக் கடிதம் வேறு. உரிமம் போனால் அவள் வீட்டிலிருந்து கடைக்கு ஆறு மைல். எங்கள் பாதைமுனைக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் பேருந்து.

ஆகவே இது கதை இல்லை. திருத்தம்.

2

அச்சான பிரதி இப்படித் தொடங்கியது:

"ஆகஸ்ட் மாலைச் சூரியன் கால்நடைக் கண்காட்சித் திடலின்மேல் சாய்ந்தபோது மெரன் தன் வேனை மறந்தாள். தன்னையே மறந்தாள். கண்ணீர் மல்க..."

"நான் எங்கடா அழுதேன்?" என்றாள் மெரன்.

"உள்ளுக்குள்ள."

"உள்ளுக்குள்ள உன்னைத் திட்டிட்டு இருந்தேன்."

[அன்று காலையிலிருந்து தூறல். சூரியன் நான் கைக்காசு போட்டு வாங்கியது.]

உண்மை இவ்வளவு: திடலில் முப்பது வெள்ளை வேன்கள் நின்றன. எல்லாவற்றிலும் சாவி தொங்கியது. எங்கள் ஊரில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனால், பக்கத்தில் நிறுத்தியவனைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். மெரன் என் வேனில் ஏறி ஓட்டிப் போனாள். பின்னால் என் நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

3

இந்த இடத்தில் நோயைப் பற்றிக் கட்டுரைத்தனமாக ஒரு பத்தி வர வேண்டும். "நரம்பைச் சுற்றியிருக்கும் உறை சிதைவதால் மூளையின் செய்திகள்..." போதும். நான் சொல்லுவதைவிட அவள் சொன்னது தேவலை:

"காலைல பத்து மணிக்கு நான் முழு ஆள். மத்தியானம் மூணுக்கு, கெட்டிலைக் காட்டி 'அந்தத் தண்ணி கத்துற சாமான்'னு சொல்றவ. தூங்கி எழுந்தா போயிடுற களைப்பு இல்லடா இது. கொஞ்சம் தள்ளி நிக்கும், அவ்வளவுதான். ஞாபகசக்திச் சோதனையை மட்டும் எப்பவும் காலைல பத்து மணிக்குத்தான் வைக்கிறாங்க. பாஸ் பண்ணிடுறேன்."

அவளைக் கொதிக்க வைக்கும் வாசகங்கள் இரண்டு. ஒன்று, "பார்த்தா நல்லாத்தானே இருக்கே." மற்றது, "எனக்குந்தான் எல்லாம் மறந்துபோகுது." இரண்டாவதை முதலில் சொன்னவன் நான். மடலிலும் எழுதியிருந்தேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

4

முடிவுக்கு மூன்று வரைவுகள் போட்டேன்.

முடிவு அ: டாக்டர் இந்தத் திருத்தத்தைப் படிக்கிறார். அவர் கண்ணாடியில் ஈரம்...

("அவர் கண்ணாடியே போடமாட்டார்," என்றாள்.)

முடிவு ஆ: உரிமம் போகிறது. மெரன் கடற்கரையோரம் நடக்கிறாள். ஒவ்வொரு அடியிலும் வாழ்க்கையின் அழகு...

"ஆறு மைல் நடந்தா எனக்கு அழகு தெரியாது, தரைதான் தெரியும். விழுந்து கிடப்பேன்."

முடிவு இ: ______ (டாக்டர் அவர்களே, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். வேறு வாசகர்கள் யாராவது இருந்தால் நீங்களும்.)

மெரன் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"முடிவு கிடக்கட்டும். நடந்த வரிசையை ஒழுங்கா எழுது. திடலைவிட்டு முதல்ல கிளம்பினது யாரு?"

"கதைக்கு நீ முதல்ல கிளம்பினாத்தான்..."

"எர்லண்ட்."

"நான்."

"எத்தனை மணிக்கு?"

"மூணு."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

கண்காட்சிக் கூடாரத்தில் படுத்திருந்தாள். களைப்பு வந்தால் ஒரு மணி நேரமாவது படுக்காமல் வண்டி ஓட்டுவதில்லை என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். இது மடலில் இல்லை. பாத்திரம் பலவீனமாக இருந்தால்தான் மனதைத் தொடும் என்று எடுத்துவிட்டிருந்தேன்.

"நாலரைக்கு வந்தேன். நான் நிறுத்தின இடத்துப் பக்கத்துல ஒரே ஒரு வெள்ளை வேன். பார்க்காம ஏறிட்டேன். அதையும் எழுது, மறைக்காதே. எனக்கு நோய் இருக்கு, இல்லைன்னு எழுதினா அது இன்னொரு பொய். முதல் வளைவுலயே பின்னாடி யாரோ கொட்டாவி விட்டாங்க. உன் நாய். அங்கேயே புரிஞ்சுபோச்சு. திரும்பிப் போனா மட்டும் என் வண்டி அங்க இருக்கவா போகுது? மெதுவா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்து உனக்குப் போன் பண்ணேன். என்ன சொன்னேன்?"

"'உன் நாய் என் சோபால படுத்திருக்கு'ன்னு."

"அதுக்கு அப்புறம்?"

மடலில் அதற்கப்புறம் புள்ளிகள் வைத்திருந்தேன்.

"'என் ஊன்றுகோல் உன்கிட்ட இருக்கு, வாசல்ல போய்ப் பாரு'ன்னு சொன்னே."

5

டாக்டர் அவர்களுக்கு, கேட்ட விளக்கம்:

மூன்று மணிக்கு நான்தான் அவள் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு எந்த நோயும் இல்லை. எந்தப் படிவமும் எனக்கு வருவதில்லை. பக்கத்து இருக்கையில் அவள் ஊன்றுகோல் இருந்தது. வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே அவள் மாத்திரைப் பெட்டி இருந்தது. அவள் குள்ளம் என்பதால் ஓட்டுநர் இருக்கை முன்னால் தள்ளியிருந்தது. வழி நெடுக முழங்காலும் வயிறும் ஸ்டியரிங்கில் இடித்தன. வீட்டுக்கு வந்து, போன் வரும்வரை, ஒன்றரை மணி நேரம் நாயைத் தேடி வயலெல்லாம் கூப்பிட்டேன்.

ஸ்டியரிங் இடித்தது வயிறு பெருத்துவிட்டதால்தான் என்று நினைத்து, அன்று தேநீரோடு வெண்ணெய் தடவாத பார்லி ரொட்டி சாப்பிட்டேன்.