கழுத்தில் எழுந்த தடிப்பு

லியனார்டின் சிறுநீரகத்தில் கட்டி இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ஸ்கேன் எடுப்பதற்காக அவனும் மனைவி டோரீனும் மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். படம் தெளிவாக விழ நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்களாம். அதற்கு முன் விவரம் கேட்க ஒரு நர்ஸ் வந்தாள். அவளைக் கண்டதும் புருஷனின் முகம் வெளுத்ததை டோரீன் கவனித்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயரையும் படித்தாள். சுதர்ஷினி.

கல்யாணத்துக்கு முன்பு, கொழும்பில் கடை வேலையில் இருந்தபோது அவன் விரும்பிய பெண். எட்டு வருடத்தில் அந்தப் பெயர் வீட்டில் இரண்டு முறைதான் வந்திருக்கிறது. இரண்டு முறையும் டோரீன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

"இந்த மருந்து முன்னாடி ஏத்தியிருக்காங்களா? அலர்ஜி ஏதாவது வந்துச்சுங்களா?" தாளைப் பார்த்தபடியே கேட்டாள் சுதர்ஷினி.

"இல்லைங்க," என்றான் லியனார்ட்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் இல்லைன்னு சொல்றாருல்ல?" டோரீன் குறுக்கிட்டாள். "எம் புருஷனப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சுதர்ஷினி அவளை நேராகப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க அக்கா. கொழும்புல பைக்ல விழுந்தப்ப இவருக்கு இதே மாதிரி ஸ்கேன் எடுத்தாங்க. மருந்து ஏறி அஞ்சு நிமிஷத்துல கழுத்து, நெஞ்செல்லாம் தடிச்சுப் போச்சு. மூச்சு இழுத்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். திரும்ப ஏத்தினா இன்னும் மோசமா வரலாம்."

டோரீனுக்குக் காது மடல் சுட்டது. நெஞ்செல்லாம் என்கிறாள்!

சுதர்ஷினி போய் டாக்டரிடம் சொன்னாள். அன்றைய ஸ்கேன் நின்றது.

வராந்தாவில் டோரீன் அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா, அப்ப கூட யாரு இருந்தாங்கன்னு கேப்ப. அப்புறம் மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப."

"அதுக்காக உசுரையா குடுப்பீங்க?"

சண்டை போடத்தான் அவளுக்கு வாய் துடித்தது. ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. கட்டாயம் கேட்டிருப்பாள்.

அவள் விறுவிறுவென்று உள்ளே சுதர்ஷினியிடம் திரும்பிப் போனாள். "மிஸ்ஸி, அன்னைக்கு நடந்தத ஒண்ணு விடாமச் சொல்லுங்க. இனி யாரு கேட்டாலும் நான் சொல்லணும்."

சுதர்ஷினி சொன்னாள். கிளினிக் புத்தகத்தில் டோரீன் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு வரியும் எரிச்சலைக் கிளப்பியது. எந்த மருந்தால் வந்தது என்பது மட்டும் சுதர்ஷினிக்கு ஞாபகமில்லை. அந்தக் கொழும்பு ஆஸ்பத்திரியில் கேட்டு மருந்தின் பெயரை வாங்கித் தருவதாகச் சொன்னாள்; சொன்னபடியே வாங்கியும் தந்தாள்.

அடுத்த வாரம் வேறு வகை மருந்து ஏற்றினார்கள். டாக்டர் குறித்துக் கொடுத்த நேரங்களில் டோரீனே அவனுக்கு அலர்ஜி மாத்திரைகளைக் கொடுத்திருந்தாள். ஸ்கேன் முடிந்த பிறகும் கையில் குத்திய ஊசிக்குழாயைக் கழற்றாமல் அவனை அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். சுதர்ஷினி குனிந்து அவனுடைய கழுத்தைப் பார்த்தாள். டோரீனால் பொறுக்க முடியவில்லை.

"எங்கெங்க பாக்கணும்னு சொல்லுங்க. நான் பாக்குறேன்."

சுதர்ஷினி சிரிக்காமல் விலகி நின்று சொல்லிக்கொடுத்தாள். கழுத்து, காதுக்குப் பின்னால், உதடு, மூச்சு. டோரீன் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தாள். ஒரு தடிப்பும் எழவில்லை.

அது வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் லியனார்ட் மெதுவாகச் சொன்னான். "அவங்க நல்லவங்க, டோரீன்."

"தெரியும். அத நீங்க சொல்ல வேணாம்," என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.